சிவப்புப் புள்ளிகள், நீலப் புள்ளிகள்

காலை பத்து பத்துக்கு மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா, இஞ்சின் நிண்டிட்டுது. நெடுந்தீவுக்கு மேற்கை நிக்கிறம். பயப்பிடாதேங்கோ." அதோடு தொடர்பு அறுந்தது.

அவள் பல்கலைக்கழகத்தில் நீரோட்டங்களை ஆராய்கிறவள். கடலில் காணாமற்போன படகும் ஆளும் எந்தத் திசையில் இழுபட்டுப் போயிருக்கும் என்று கணிப்பதுதான் வேலை. அன்று மிதவைகளை விட்டு, அவை போகும் வழியைப் பார்க்கப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்ததும் அவள்தான். ஞாயிறு தேவாலயப் பூசை நாள் என்பதால் குருநகர்ப் படகுகள் தொழிலுக்குப் போகா. மிதவைகள் வலையில் சிக்கா. ஞாயிறு பாராத வடமராட்சிப் படகோட்டி ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனாள். வலை இல்லாத கடலில் உதவிக்கும் ஆள் இராது என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மானிப்பாயிலிருந்து நானும் மனைவியும் குருநகர் இறங்குதுறைக்குப் போனபோது, மகளோடு வேலை செய்யும் பெண் மடிக்கணினியுடன் வந்திருந்தாள். காற்று, நீரோட்டம், நேரம் எல்லாம் அதில் கொடுத்தாள். திரையில் சிவப்புப் புள்ளிகள் திரளாக எழுந்து, சோளகக் காற்றோடு வடகிழக்கே நகர்ந்தன.

"இது வள்ளம், அங்கிள்," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "ஆள் தண்ணியிலை எண்டும் ஒருக்காப் போட்டுப் பாக்க வேணும்."

"அது என்னத்துக்கு?"

"வள்ளத்தைக் காத்துத் தள்ளும். ஆளைத் தண்ணிதான் கொண்டுபோகும். ரண்டும் ஒரு இடத்துக்குப் போகாது."

நீலப் புள்ளிகள் தோன்றின. மணி ஏற ஏறச் சிவப்பை விட்டு விலகின. என் மகள் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருந்தாள். இன்றும் பஸ்ஸில் வரப் பிந்தினால் எனக்குள் அப்படித்தான் இரண்டாகிறாள்.

மனைவி உள்ளங்கையால் நீலத்தை மறைத்தாள். "அவள் வள்ளத்தை விட்டு இறங்கமாட்டாள். உந்த நீலத்தை அழி, பிள்ளை."

பூசை முடிந்து வந்த மீனவர்கள் எங்களைச் சூழ்ந்தார்கள். வெள்ளைச் சட்டையைக் கழற்றியபடியே ஒருவர் சத்தம் போட்டார்: "நாங்கள் போகாத நாளாப் பாத்துப் போன ஆளைத் தேட, இப்ப நாங்களும் ஞாயிறு போகவேண்டிக் கிடக்கு!"

"பாதரிட்டை நீ போய்ச் சொல்லு, நான் எண்ணெய் ஊத்திறன்," என்றார் மற்றவர். "எந்தப் பக்கம் போறது, பிள்ளை?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "சிவப்பு," என்றேன். "எல்லாரும் சிவப்புக்குப் போங்கோ." அவள் மறுத்து, ஒரு படகை நீலத்துக்கு அனுப்பினாள். அது புறப்பட்டபோது மனைவி முதுகைக் காட்டி நின்றாள்.

பொழுதுபடும் நேரம் படகுகள் திரும்பின. சிவப்புக்குள்தான் கண்டார்களாம். மகள் ஒரு சாக்கைப் போர்த்தபடி இறங்கித் தாயைக் கட்டிக்கொண்டாள். கடைசியாக இறங்கிய படகோட்டி நேரே என்னிடம் வந்தார்.

"ஐயா, பிள்ளை ரண்டு தரம் கடலுக்கை குதிக்க வெளிக்கிட்டது. தீவு தெரியுது, நீந்திப்போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு நிண்டது. நான் பிடிச்ச பிடி விடேல்லை. பிள்ளையின்ரை கை கண்டிப்போச்சுது. கோவிக்காதேங்கோ."