437456க்கு ஒரு சிநேகிதம்

பீளமேட்டில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த சென்னகேசவனுக்கு, காலேஜில் படித்த கணக்கு ஒருநாளும் உதவியதில்லை. தொண்ணூற்று நாலில் அவர் வீட்டுக்கு டெலிபோன் வந்தது. மற்றவர்கள் யாருக்குப் பேசலாம் என்று யோசிப்பார்கள். அவர் தன் நம்பரை வகுக்க உட்கார்ந்தார்.

437456. தன்னை விட்டுவிட்டு, அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்களையெல்லாம் கூட்டினால் 455344. கூட்டுத்தொகை தன்னைவிடப் பெருத்துப்போனால் அது மிகை எண். மனைவி கோமளாவிடம் பெருமையாகச் சொன்னார். பில்லும் மிகையாக வருமா என்று அவள் கேட்டாள்.

மனசு கேட்காமல் 455344ஐயும் அதேபோல் பிரித்துக் கூட்டினார். திரும்ப 437456 வந்து நின்றது. நம்பாமல் இன்னொரு தடவை கூட்டினார், அதேதான். இப்படி ஒன்றுக்குள் ஒன்று இருக்கும் சோடிக்கு நட்பு எண்கள் என்று பேர். பத்து லட்சம் வரை சல்லடை போட்டாலும் ஐம்பது சோடி தேறாது.

உடனே 455344க்குப் போன் போட்டார். சிங்காநல்லூரில் மாவு மில் நடத்தும் அன்புமணி எடுத்தார்.

"உங்க நம்பரும் எங்க நம்பரும் சிநேகிதமுங்க."

"நானு உங்களைப் பார்த்ததே இல்லீங்களே."

"நாம இல்லீங்க. நம்பருக."

அன்புமணி போனை வைத்துவிட்டார். மறுநாள் சென்னகேசவன் பழம், வெற்றிலையோடு நேரிலேயே போய் நின்றார். தலையெல்லாம் மாவாக அன்புமணி முழுக்கக் கேட்டுவிட்டு, சரி, இப்ப என்ன செய்யோணும் என்றார். சென்னகேசவன் அதை யோசித்திருக்கவில்லை.

இருவருக்கும் எதிலும் ஒத்துவரவில்லை. அரசியல் பேசினால் சண்டை, பேசாவிட்டால் கொட்டாவி. மருதமலைக்குச் சேர்ந்து போய், ஆளுக்கொரு பஸ்ஸில் திரும்பினார்கள். ஆனாலும் பொங்கல், தீபாவளி என்று நோம்பி நொடிக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது நிற்கவில்லை. பிடிக்காத ஆளோடு என்ன சகவாசம் என்று கோமளா கேட்டாள். நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக நம்பர்களைப் பிரிக்க முடியுமா என்றார் அவர்.

இருகூரில் அன்புமணிக்கு மில் வைக்க அகலமான இடம் அமைந்தது. அங்கே போனால் நம்பர் மாறிவிடும் என்று தெரிந்ததும் இடத்தை வேண்டாம் என்றுவிட்டார். பொற்கொடி, அவர் சம்சாரம், சொல்லித்தான் சென்னகேசவனுக்கு இது தெரியும். அன்றைக்கு அவரால் பட்டறையில் வேலை பார்க்க முடியவில்லை.

மகள் ஷ்ரவ்யா கல்யாணத்தில் அன்புமணியையும் பொற்கொடியையும் முன்வரிசையில் உட்காரவைத்தார். பெரியப்பா முறையுள்ளவர் ஒருவர் அவர்களை மேலும் கீழும் பார்த்து, இவங்க எந்த வழியில் நமக்குச் சொந்தம் என்று கேட்டார். கேள்வியின் அர்த்தம் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"எண்வழிச் சொந்தமுங்க," என்றார் சென்னகேசவன்.

பெரியப்பா யோசித்துக்கொண்டே நகர்ந்தார். பந்தியில் ரசம் சரியில்லை என்று அன்புமணி ஆரம்பித்தார். சமையல்காரரை அமர்த்தியவர் சென்னகேசவன், விடுவாரா? பந்தி முடிந்தும் அந்தப் பேச்சு முடியவில்லை.