அம்மாவுக்காகப் பேசிய வாய்

என் அம்மா ஊமை என்றுதான் எங்கள் தெருவில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். வீட்டுக்குள் வந்து கேட்டால் தெரியும். பாத்திரம் தேய்த்தபடி சாமி பாட்டுப் பாடுவாள், அப்பாவைக் கேலி செய்வாள், எனக்கும் தம்பிக்கும் ஏச்சுக்குக் குறைவில்லை. வாசலைத் தாண்டினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். யாராவது முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டுவிட்டால் உள்ளங்கை வேர்த்துவிடும்.

ஆகவே ரேஷன் கடையிலும் பஸ்ஸிலும் அவளுக்காக நான்தான் பேசினேன். மூன்றாம் வகுப்புக்காரிக்கு அது சின்னப் பதவியா? என் டீச்சரிடமே போய், "நான் நல்லாப் படிக்கேனான்னு அம்மா கேக்காவ" என்று கேட்டிருக்கிறேன். அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த ஆனி மாதம் அம்மாவின் அண்ணன் மகளுக்குப் பூப்புச் சடங்கு வந்தது. அவளுக்கு அத்தை முறை செய்ய வேண்டிய அம்மாவே கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டாள். அப்பாவின் அக்கா, என் அத்தை, தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "திமிர் பிடிச்சவள்னு ஊரே பேசுது. குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயி, தலையில எண்ணெயத் தேச்சு மூணு நாள் அருவியில நிறுத்துங்க. எல்லாம் தெளிஞ்சிரும்."

சித்தம் கலங்கியவர்களை அருவியில் நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். அது குற்றாலநாதர் காலடித் தண்ணீர், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாலு பேர் பார்வைக்கே ஒடுங்குகிறவளைச் சீசன் கூட்டத்தில், ஈரச் சேலையோடு, நானூறு பேர் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது நாங்கள்தான்.

பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்து நின்றோம். பின்னாலிருந்த ஒருத்தி, "ஏ, நனைஞ்சாச்சுன்னா நவுரு. மத்தவளும் குளிக்கணும்லா" என்றாள். அவ்வளவுதான். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, கம்பியை விட முடியவில்லை. "நெஞ்சடைக்குது, செத்துருவேன்" என்று என் காதில் மட்டும் சொன்னாள். நான் அதை அருவிக்கும் மேலே கேட்கும்படி கத்தினேன்.

அங்கிருந்த முதலுதவி அறையில் ஒரு நர்ஸம்மா நாடி பார்த்தார். பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சுல ஒண்ணுமில்ல. தென்காசி பெரியாஸ்பத்திரியில மனநல டாக்டரப் பாருங்க" என்றார். அத்தைக்குத் தலையில் இடி விழுந்தது. "பைத்தியக்கார டாக்டர்ட்டயா? நாளைக்கு நம்ம வீட்ல எவன் பொண்ணு எடுப்பான்?"

அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், அதிகம் பேச மாட்டார். "எனக்கு இடுப்புப் பிடிச்சா வைத்தியம் பாக்கலயா? அவளுக்கும் பாப்போம்" என்றார்.

டாக்டரம்மா ரொம்ப நேரம் கேட்டார். பிறகு சொன்னார், "இது பைத்தியமும் இல்ல, திமிரும் இல்லம்மா. மத்தவங்க என்ன நினைப்பாங்களோங்கற பயம் வளந்து நோவாயிருச்சு. எத்தனையோ பேருக்கு இருக்கு. சரி பண்ணலாம்." அதைக் கேட்டு அம்மா அழுதாள். மாத்திரை கொடுத்தார். வாராவாரம் வந்து பேசச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே பேசிப் பழக வேலைகளும் கொடுத்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "பாப்பா, நீ இனிமே அம்மாவுக்காகப் பேசக் கூடாது, சரியா?" என்றார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது.

முதலில் பால்காரரிடம் ஒரு வார்த்தை. அப்புறம் பஸ்ஸில் டிக்கெட். சில நாள் முடிந்தது, சில நாள் பாதி வழியில் திரும்பினாள். கார்த்திகை மாதம் வந்த வேலை, தென்காசிக் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் அவளே சொல்ல வேண்டும் என்பது.

திங்கட்கிழமை, நல்ல கூட்டம். பட்டர் தட்டை வாங்கி, "பேர், நட்சத்திரம்?" என்றார். அம்மா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பின்னாலிருந்து ஒரு அண்ணாச்சி, "ஏ தாயி, சாமி காத்துக்கிடுவாரு. செங்கோட்டை பஸ்ஸு காக்காது" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா, தம்பி, நான் என்று மூன்று பேரையும் நட்சத்திரத்தோடு கடகடவென்று ஒப்பித்தேன். பட்டர் தட்டோடு சன்னதிப் பக்கம் திரும்பினார். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"சாமி, கொஞ்சம் இருங்க" என்றாள்.

முதலிலிருந்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்பா. தம்பி. நான். நான்காவதாகத் தன் பெயரையும் சொல்லி, உத்திரட்டாதி நட்சத்திரம் என்றாள். நான் ஒப்பித்ததில் அந்தப் பெயர் இல்லை. அவள் நட்சத்திரம் என்னவென்றே அதுவரை எனக்குத் தெரியாது.

பிரகாரத்தில் எனக்குத் திருநீறு பூசிவிட வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இத்தனை நாள் அவளுக்காகப் பேசியவளை, ஊர் பார்க்க வாயைப் பொத்திவிட்டாளே. அவள் கை என் உதட்டின் மேல் நடுங்கியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. என்மேல் உள்ள கோபத்தில் நடுங்குகிறது என்றுதான் நினைத்தேன்.