குளியலறையில் ஒரு செம்பருத்தி

போன சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் ஒரு பூ காணாமல் போனது.

ஒரே ஒரு செம்பருத்திப் பூ. இதற்கா ஒரு பத்தி என்று கேட்காதீர்கள். ஒன்பது மாதம் காத்திருந்து வந்த பூ அது!

எங்கள் பதுளை வீட்டின் முற்றத்தை நீங்கள் பார்த்ததில்லை. என் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால், அப்புறம் நான் நிற்க இடமில்லை. அந்த முற்றத்தில்தான் என் மனைவி வதனி பூந்தோட்டம் போட்டாள். இரண்டு போகன்வில்லா, ஒரு இட்லிப்பூ, ஒரு ஹைட்ரேஞ்சா, ஒரு செம்பருத்தி (வதனிக்கு அது செவ்வரத்தை). பாதி பூச்சாடியில், மீதி பெயின்ட் வாளியில்.

செடிகள் என்னமாய் வளர்ந்தன தெரியுமா? குட்டையாக, அடர்த்தியாக, பச்சைப் பசேலென்று... ஆனால் பூ? ம்ஹூம். மருந்துக்குக்கூட ஒன்று இல்லை.

வதனி விடுவாளா? முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டாள். வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றினாள். யூடியூபில் யாரோ சொன்னார்கள் என்று சாடிகளை வெயிலுக்குத் தூக்கி வைக்கச் சொன்னாள் — தூக்கியது நான். கன்று விற்றவரிடம் போய்ச் சண்டைகூடப் போட்டாள். கடைசியில் பழி என் ஊர் மேல் விழுந்தது.

"உங்கட பதுளைத் தண்ணி சரியில்லையப்பா. எங்கட வீட்டில செவ்வரத்தை வேலி முட்டப் பூக்கும்!"

யாழ்ப்பாணத்துக்காரியைக் கட்டியவன் அந்த ஊர்க் கிணற்று உப்புத் தண்ணீரைப் பற்றி வாய் திறக்கக்கூடாது.

அவளுடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அம்மா முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வரப்போவதாகச் சொல்லியிருந்தார். கல்யாணமாகிப் பதினொரு வருடம். அந்தக் கல்யாணத்துக்கு மாமி வரவில்லை. நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். 'தோட்டத்துப் பொடியனுக்கா என்ரை பிள்ளையை...' என்று ஒரு சொல் அப்போது எங்கள் காதுவரை வந்தது. நான் மறந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். மறக்கவில்லை. வதனியும் மறக்கவில்லை. தான் நன்றாக இருப்பதை அம்மா வாசலிலேயே பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்குத்தான் பூ.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குற்றவாளியைக் கண்டுபிடித்தேன்.

என் அக்கா!

அக்கா நமுனுகுல பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். இப்போது ஓய்வு. ஞாயிறுதோறும் பதுளைச் சந்தைக்கு வந்து, அப்படியே எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். வதனி உள்ளே அக்காவுக்கு மீன் பொரித்துக்கொண்டிருப்பாள். அக்கா பேரனைப் பற்றிப் பேசுவார். பேச்சு அது பாட்டுக்குப் போகும்... விரல்கள் அவை பாட்டுக்குப் போகும். இரண்டு இலை, ஒரு மொட்டு. டக். இரண்டு இலை, ஒரு மொட்டு. டக். மடி நிறைய போகன்வில்லாக் கொழுந்து!

நுனியைக் கிள்ளினால் செடி அடர்த்தியாகும், சரிதான். ஆனால் மொட்டு வருவதும் அதே நுனியில்தானே? வாராவாரம் கிள்ளினால் பூ எங்கிருந்து வரும்?

போதாக்குறைக்கு, தேயிலைச் செடிக்குச் செய்வதுபோல விளக்குமாற்றுக் கம்பை எடுத்துச் செடிமேல் படுக்க வைத்து மட்டம் வேறு பார்த்தார்.

"பாரு தம்பி, இப்பத்தான் மேச மாதிரி இருக்கு."

மனிதர்கள் ஓய்வு பெறுகிறார்கள். கைகளுக்கு அந்தச் செய்தியை யாரும் சொல்வதில்லை.

சொல்ல வேண்டியதுதானே என்கிறீர்களா? அப்பா போன பிறகு அக்கா பிடுங்கிய கொழுந்தில்தான் நான் படித்தேன், வாத்தியார் ஆனேன். அந்தக் கையைப் பார்த்து "தொடாதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது. வதனியிடம் சொன்னால்? "உங்கட அக்காவோ!" என்று ஆரம்பிப்பாள். அது எங்கே போய் முடியும் என்று கல்யாணமான ஆண்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எனவே கோழைகள் செய்வதைச் செய்தேன். ஞாயிறு காலையானால் செம்பருத்திச் சாடியைத் தூக்கிக் குளியலறையில் வைத்துவிடுவேன். வதனி கேட்டதற்கு "வெள்ளைப் பூச்சி, மருந்தடிக்கிறேன்" என்றேன். ஒருநாள் அக்கா கால் கழுவப் போனவர் அங்கிருந்தே கத்தினார்.

"என்னாடா, செடி இங்க நிக்குது?"

"வெயில் ஆகாதுக்கா."

"செம்பருத்திக்கு வெயில் ஆகாதா? நல்லா படிச்சடா நீ!"

ஆனால் பலித்தது. நுனியில் ஒரு மொட்டு வந்தது. போன வெள்ளிக்கிழமை விடியற்காலை மாமி பஸ்ஸில் வந்து இறங்கினார். அன்றைக்கெல்லாம் கேட்டதற்கு மட்டும் பதில். மாலையில் வதனி என்னை இழுத்துப்போய் மொட்டைக் காட்டினாள். நுனி சிவந்திருந்தது.

"நாளைக்கு விரிஞ்சிடும். அம்மாவுக்குக் காட்டுவம், என்ன?"

சனிக்கிழமை விடிந்தது. போய்ப் பார்த்தால்... வெறும் காம்பு!

அந்த நேரம் பார்த்து, சம்பந்தியம்மாவைப் பார்க்கவென்று அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வருகிறார். வேறு வழியில்லாமல் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சந்தை, படி, கொழுந்து, குளியலறை, எல்லாம்.

"ஒன்பது மாசமா அக்காவோ!" என்றாள் வதனி.

"ஐயையோ, நான் இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்குறேன்! எனக்கு ஒண்ணுந் தெரியாதும்மா" என்றார் அக்கா. சொல்லும்போதே வலது கை இட்லிப்பூச் செடியில் ஒரு நுனியைக் கிள்ளிவிட்டது. மூவரும் அந்தக் கையையே பார்த்தோம்.

உள்ளேயிருந்து மாமியின் குரல். "பிள்ளை, நெருப்புப்பெட்டி எங்க வச்சிருக்கிறாய்?"

ஓடினோம். மாமி குளித்து, திருநீறு பூசி, கையில் ஊதுபத்தியுடன் நின்றார். பூ சாமிப் படத்தில் இல்லை. பக்கத்துச் சுவரில், காலமான என் அம்மாவின் படத்தில் இருந்தது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டது. அதன் ஓரத்தில் செருகியிருந்தார்.

"சாமிக்குப் பூ ஆய்வம் எண்டு போனன். ஒண்டே ஒண்டுதான் நிண்டது" என்றார், எங்களைப் பார்க்காமல். "சாமி கோவிக்க மாட்டார். இவவை நான் ஒருக்காலும் வந்து பாக்கேல்லைத்தானே, தம்பி."

என்னைத் 'தம்பி' என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வதனி அழுதேவிட்டாள். அக்கா போய் மாமியின் கையைப் பிடித்தவர் பிடித்தபடியே நின்றார். அவருடைய விரல்கள் சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்றிரவு அக்கா எங்களோடு தங்கினார். மறுநாள் ஞாயிறு. தேநீரோடு ஒரு கட்டு முருங்கைக் கீரையையும் கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்தாள் வதனி. இனி வாராவாரம் இப்படித்தானாம். பக்கத்தில் மாமியும் உட்கார்ந்து உருவினார்.

செம்பருத்தி வெளியே வெயிலில் நிற்கிறது. குளியலறை மறுபடியும் எனக்கே கிடைத்துவிட்டது.