பஞ்சர் ஆகாத டயரும் தண்டபாணியும்

தண்டபாணி இறந்துவிட்டார் என்று பூக்கடைக்காரர் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. அந்த ஆள் சொல்வதில் பாதிக்கு மேல் புளுகு என்பது என் பல வருடக் கணிப்பு. சாம்பார் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுத் தண்டபாணியின் எண்ணுக்கே போன் செய்தேன். நாலாவது மணியில் அவர் மனைவி எடுத்தார். "ஆமாங்கக்கா. வெள்ளனே நெஞ்சு வலிக்குதுன்னார். ஆசுபத்திரி வாசல்லயே முடிஞ்சு போச்சு" என்றார். அதற்குப் பிறகும் என் வாயில் வந்த கேள்வி, "எந்த ஆசுபத்திரி?" என்பதுதான். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் அத்தாட்சி கேட்டிருக்கிறேன். என் புத்தி அப்படி.

பழனி அடிவாரத்தில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தண்டபாணியைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லாட்ஜுகள் வரிசையாக இருக்கும் எங்கள் தெருவின் முக்கில் அவருடைய பஞ்சர் கடை. கடைக்கு எதிரே என் சமையல்கட்டு. முருகனைக் கும்பிட வருகிறவர்களுக்கு லாட்ஜ் அறைக்கே சாப்பாடு அனுப்புவது என் தொழில். மூன்று எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள், ஓட்ட மூன்று பெண்கள். அவர்களில் மூத்தவள் சித்ரா, பாலசமுத்திரத்துக்காரி. சத்தம் இல்லாத வண்டி என்பதால் சந்துக்குள் மணி அடித்துக்கொண்டே போவார்கள். ஒரு வண்டி பஞ்சரானால் இருபது பேருடைய மதியச் சாப்பாடு ஆறிப்போகும், நான் பத்துப் பேரிடம் வசவு வாங்குவேன்.

தண்டபாணியிடம் எனக்கு முதலில் எரிச்சலூட்டியது அவருடைய நிதானம். ஒட்டுப் போட்ட டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று எல்லோரும்தான் பார்ப்பார்கள். இவர் அமுக்கிப் பிடித்தபடி ஒரு முழு டீயைக் குடித்து முடிப்பார். பிறகு திருப்பி அமுக்குவார். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்துவேன். "பறக்காதீங்கக்கா. ஒட்டுனது நாந்தான், அதான் நம்பிக்கை இல்ல. தண்ணி சொல்லட்டும்" என்பார். தன் கை வேலையையே நம்பாத மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

தைப்பூசம் முடிந்த வாரங்களில் எங்கள் ஊரில் பஞ்சர் கூடும். பாதயாத்திரை வருகிறவர்களுக்குச் சோறும் மோரும் கொடுக்க வழி நெடுகப் பந்தல் போடுவார்கள். பிரிக்கும்போது கம்பும் தகரமும் வண்டியேறிப் போய்விடும், ஆணி மட்டும் ரோட்டோரத்தில் கிடக்கும். இது ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனால் போன வருடம் ஒரே வாரத்தில் என் வண்டிகள் ஐந்து முறை படுத்தன, அதில் மூன்று தண்டபாணியின் கடைக்குக் கூப்பிடு தூரத்தில். நான் விடுவேனா? காலையில் நானே நடந்துபோய்ப் பார்த்தேன். பந்தல் ஆணிதான், சந்தேகமே இல்லை. சரி, ஓரத்தில் கிடந்ததை நடு ரோட்டுக்குத் தள்ளியது யார் என்று மனது அடுத்த கேள்வியைக் கேட்டது. அதற்கும் அவர் பெயரைத்தான் பதிலாகச் சொல்லிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் பஞ்சரே ஆகாத டயர் விற்க வந்தார். உள்ளே காற்றே கிடையாது, முழுக்க ரப்பர். பலகை நிறைய ஆணி அடித்துக் கொண்டுவந்து, தெருவில் போட்டு, அதன்மேல் ஸ்கூட்டரை நாலு தடவை ஏற்றி இறக்கிக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. கடையிலிருந்து தண்டபாணி ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். லாட்ஜ் வாசலின் கடப்பாக்கல் மேல் அதை ஊற்றிவிட்டு, இதன்மேல் ஓட்டிவந்து வளைத்துப் பிரேக் பிடியுங்கள் என்றார். விற்பனைக்காரர் சிரித்தார். அதற்கெல்லாம் நேரமில்லை என்று பலகையை எடுத்து வைத்தார். தண்டபாணி என் பக்கம் திரும்பினார்.

"பஞ்சர் ஆகாதுங்கிறது சரிதாங்கக்கா. நிக்குமான்னு கேளுங்க."

நான் கேட்கவில்லை. ஊரே பஞ்சர் ஆகாத டயரில் ஓடினால் இவர் கடையைப் பூட்ட வேண்டியதுதானே, வயிறு எரியாமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தாமல் அவர் காதில் விழும்படியே சொன்னேன். மூன்று வண்டிக்கும் புது டயர் மாட்டிக்கொண்டேன். பழையதை அன்றைக்கே பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன்.

மாதக்கணக்கில் ஒரு பஞ்சர் இல்லை. எதிர்க்கடையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு மிதப்பு. ஓட்டுகிற பெண்கள் இடுப்பு வலிக்கிறது, பள்ளத்தில் தூக்கிப் போடுகிறது என்றார்கள். வேலைக்கு வணங்காதவர்கள் சொல்கிற சாக்கு என்று அதையும் ஒதுக்கினேன். அவர்களிடம் நான் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "வண்டிக்கு முடியலையா, உனக்கு முடியலையா?" அதைக் கேட்டால் மறுபேச்சு வராது. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஐப்பசியில் கொடைக்கானல் சாலையில் தடுப்புச் சுவர் கட்டும் ஆட்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் ஆர்டர் வந்தது. மலை ஏறத் தொடங்கி நாலைந்து வளைவு தாண்டியதும் வேலை நடக்கும் இடம். சித்ராவை அனுப்பினேன். மூன்றாம் நாள் காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தபோது, சுவரோரம் நிறுத்தியிருந்த சித்ராவின் வண்டிக்குப் பக்கத்தில் தண்டபாணி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்பேனர். என்னைப் பார்த்ததும் எழுந்து, "சும்மாதாங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு மதியம் மழை. காலிப் பாத்திரங்களோடு இறங்கி வந்த சித்ரா இரண்டாவது வளைவில் சறுக்கி விழுந்தாள். தாடையில் தையல், இடது மணிக்கட்டில் முறிவு. உள்ளே தகடு வைத்தார்கள். பக்கத்தில் பள்ளம். வண்டி போய் மைல்கல்லில் முட்டி நின்றதால் அவள் பிழைத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பஞ்சர் கடைக்குத்தான் போனேன். பூக்கடை, டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, அத்தனை பேரும் பார்க்கக் கேட்டேன். காலையில் என் வண்டியில் என்ன செய்தாய், தொழில் போகிறதென்றால் ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்ப்பாயா என்று கேட்டேன். அதுவரை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவேன். அன்றைக்கு அதுவும் போயிற்று. அவர் தொட்டியிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். "நட்டெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாத்தேன். இறுக்கமாத்தான் இருந்துச்சு" என்றார். யார் பார்க்கச் சொன்னது என்றேன். அதற்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்றால் குற்றம் உண்டு என்பது என் சட்டம். தெருவும் அதை ஒப்புக்கொண்டது. சில மாதங்கள் அவர் கடைப்பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக ஆட்கள் யோசித்தார்கள்.

முழு ரப்பர் டயர்களை நான் கழற்றிவிட்டேன். காற்று டயர் திரும்பி வந்தது, பஞ்சரும் கூடவே வந்தது. அடுத்த தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஒட்டினோம். ஒருமுறை சரியாக அவர் கடை வாசலிலேயே படுத்துவிட்டது, சாப்பாடு வேறு ஏற்றியிருந்தது. அவர் டயரைக் கழற்றினார். ஒட்டினார். தொட்டியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு டீ குடித்தார். சித்ராவுக்குக் கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். நடிப்பைப் பார் என்று நினைத்தேன். ஐயோ, எத்தனை நினைத்திருக்கிறேன்!

போன மாதம் அவர் வீட்டு வாசலில், பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் நானும் சித்ராவும் உட்கார்ந்திருந்தோம். உடலை எடுக்க இன்னும் நேரம் இருந்தது. இருக்கிற இடத்தை மறந்து என் வாய் முணுமுணுத்தது: "பாவம்தான். ஆனாலும் அன்னைக்கு வண்டியில என்னதான் பண்ணுனாரோ, கடைசி வரைக்கும் சொல்லாமலே போயிட்டாரு."

சித்ரா என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாந்தாங்கக்கா வரச் சொன்னேன்" என்றாள்.

வளைவில் வண்டி வழுக்குகிறது என்று முந்தின நாள் அவள்தான் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் வந்து பார்த்துவிட்டு, நட்டில் கோளாறு இல்லை, டயர்தான் ஈரத்தில் பிடிக்காது, மழை வந்தால் மலைக்குப் போகாதே என்றிருக்கிறார். பழைய டயரைக் கொண்டு வா, யாருக்கும் தெரியாமல் மாற்றித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். பழைய டயரைத்தான் நான் விற்றுவிட்டேனே. விழுந்த அன்றைக்கு எனக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவரிடம் இவள் கெஞ்சியிருக்கிறாள், அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள், வண்டியைப் பற்றி வெளி ஆளிடம் சொன்னேன் என்று தெரிந்தால் என்னை நிறுத்திவிடுவார் என்று.

"தெரிஞ்சும் ஏன்டி போனே?" என்றேன்.

"போகலேன்னா, வண்டிக்கு முடியலையா, உனக்கு முடியலையான்னு கேப்பீங்களே."

பறை அடிக்கிற சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது. சித்ராவை மலையிலிருந்து தள்ளிய கை யாருடையது என்று இத்தனை மாதம் தெருவெல்லாம் தேடினேன். என் வீட்டிலேயே இருந்திருக்கிறது, என் வாயில்.

காரியத்தன்று அதே தெருவில், அன்றைக்கு வேடிக்கை பார்த்த அதே ஆட்களிடம், தண்டபாணி மேல் தப்பே இல்லை, தப்பு முழுக்க என்னுடையது என்று சொன்னேன். டீக்கடைக்காரர் தலையாட்டினார். பூக்கடைக்காரர், எங்களுக்கு அப்பவே தெரியும் என்று கூசாமல் புளுகினார். தண்டபாணியின் மனைவி என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நானும் திட்டுனேங்கக்கா, ஏன் வாயை மூடிக்கிட்டு வந்தீங்கன்னு. அதுக்கு, நான் வாயத் தொறந்தா அந்தப் புள்ளைக்குச் சோலி போயிரும்டின்னார்."

போயிருக்கும். அவருடைய கடையை நம்பவில்லை, அவருடைய சொல்லை நம்பவில்லை. அவர் என்னைப் பற்றிப் போட்ட கணக்கு மட்டும் துளி பிசகவில்லை. அன்றைக்கு அவர் உண்மையைச் சொல்லியிருந்தால், கையில் கட்டோடு கிடந்தவளை அன்று சாயங்காலமே நான் நிறுத்தியிருப்பேன். அதைத் தெரிந்துகொண்டுதான் ஊர்ப்பழியை வாங்கிக்கொண்டு மறுபடியும் தொட்டிப் பக்கம் திரும்பியிருக்கிறார்.

இதை எழுதும்போது சித்ரா உள்ளே நூறு பொட்டலத்துக்குப் பொரியல் வைத்துக்கொண்டிருக்கிறாள். கனமான பாத்திரத்தை வலது கையால்தான் தூக்குவாள். தண்டபாணியின் ஞாபகமாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் நான் அவளைத்தான் காட்ட வேண்டும். அவள் என்னிடம் வேலையில் இருப்பது அவர் வாங்கிக் கொடுத்தது.