நல்லையா ஆப்பத்துக்கு டச்சிங் செய்த கதை

மலாக்கா காஜா பெராங் தெருவில் என் சைக்கிள் கடைக்கு அடுத்த கதவு போட்டோ ஸ்டூடியோ. அங்கே டச்சிங் வேலை பார்த்தவன் நல்லையா. டச்சிங் என்றால் வேறொன்றுமில்லை. நெகட்டிவில் மெல்லிய பென்சிலால் தடவித் தடவி, முகத்திலுள்ள பரு, சுருக்கம், தழும்பு எல்லாவற்றையும் காணாமல் போக்குவது. மலாக்காவில் பாதிக் கல்யாணங்கள் அவன் பென்சிலால் நடந்தவை என்று நான் கேலி செய்வேன்.

ஒரு கல்யாணம் மட்டும் அதே பென்சிலால் நின்றுபோனது. எதிர்ச்சாரியில் ஆப்பக்கடை வைத்திருந்த கமலவேணிக்குச் சிறுவயதில் அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க வந்தாள். இவன் நல்லது செய்வதாக நினைத்து ஒரு தழும்பு விடாமல் துடைத்துக் கொடுத்தான். செமாபோக்கிலிருந்து வந்த மாப்பிள்ளை படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், காப்பியைக் குடித்தான், போய்விட்டான். அப்புறம் அவள் கேமரா முன்னால் நிற்கவே இல்லை. நல்லையாவோ ஐந்து வருஷமாகத் தினமும் அவள் கடையில்தான் பசியாறினான். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்கத்தான் நாக்கு எழவில்லை.

ஐம்பத்தேழு ஆகஸ்டு வந்தது. மலாயாவுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா என்று ஊரெல்லாம் தோரணம். கமலவேணி ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றாள்.

"மெர்டேக்கா அன்னிக்கு என் கடையில மேசை அகலத்துக்கு ஆப்பப் படம் மாட்டணும். பாக்கறவன் பசியாறாம தாண்டிப் போகக்கூடாது."

நல்லையாவுக்குத் தலைகால் புரியவில்லை. "முத்தண்ணே, இந்தப் படம் மட்டும் அவங்களுக்குப் பிடிச்சிருச்சுன்னா, அன்னிக்கே கேட்டுருவேன்" என்று என் கடைக்குள் குதியாய்க் குதித்தான். காற்றடிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். கேட்கவேண்டியவளிடம் மட்டும் சொல்லவில்லை.

இரண்டு நாள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, மாதிரிப் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினான். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். படத்தில் ஆப்பத்தைத் தேடவேண்டியிருந்தது. பீங்கான் தட்டும் வெள்ளை, ஆப்பமும் வெள்ளை. பழக்கதோஷத்தில், ஆப்பத்தின் ஓட்டை ஒவ்வொன்றையும் பரு என்று நினைத்துப் பென்சிலால் அடைத்துவிட்டான் மடையன்! பவுடர் பூசிய மணப்பெண் மாதிரி இருந்தது ஆப்பம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கமலவேணி சிரிக்கவில்லை. "என் மூஞ்சிக்குச் செஞ்சதையே ஆப்பத்துக்கும் செஞ்சிட்டீங்களே" என்றாள்.

எனக்கே சுருக்கென்றது. அவன் பாவம், படத்தை வாங்கிக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டபடி வந்தான்.

மறுநாள் காலையில் பார்த்தால் ஸ்டூடியோ அமளிதுமளி. பீங்கானைத் தூக்கிவிட்டு வாழையிலை விரித்திருந்தான். நேரே அடித்த விளக்கை ஆப்பத்தின் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்ததும், ஒவ்வொரு ஓட்டையிலும் நிழல் விழுந்தது. "அலாமாக்! அண்ணே, இங்க பாருங்க, எல்லாம் தெரியுது!" என்று கத்தினான். புது நெகட்டிவில் பிளேடு முனையால் ஓட்டைகளைச் சுரண்டி, படத்தில் அவை இன்னும் கறுப்பாக விழும்படி செய்தான். ஓரத்து முறுகலுக்கு மட்டும் பென்சிலால் ஒளி கூட்டினான். அழிப்பதையே தொழிலாகக் கொண்டவன் ஒரு பள்ளம் விடாமல் காட்டப் பாடுபட்டதைப் பார்க்க எனக்கும் கிறுக்குப் பிடித்தது. இருட்டறையில் இருவரும் பாடினோம். முதலாளி கதவைத் தட்டினார்.

மெர்டேக்கா காலையில் படம் கடை வாசலில் தொங்கியது. மொறுமொறுவென்ற ஓரத்தைக் கையால் ஒடித்துவிடலாம் போலிருந்தது. ஊர்வலம் பார்க்கக் கிளம்பிய கூட்டம் ஆப்பக்கடையில் நின்றுவிட்டது. பத்து மணிக்கு மாவு காலி.

நல்லையா அவள் முன்னால் போய் நின்றான். வியர்த்தான். தொண்டையைக் கனைத்தான். "மாவு தீர்ந்துருச்சா?" என்று கேட்டான்! எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

கமலவேணி கையைத் துடைத்துக்கொண்டாள். "என்னை ஒரு படம் எடுக்கணும். ஆப்பத்துக்கு வச்ச மாதிரியே விளக்கைப் பக்கத்துல வையுங்க."

அவன் முகம் செத்துப்போயிற்று. "யாருக்கு அனுப்ப?"

"ஜாசின் தோட்டத்துல இருக்கற உங்க அம்மாவுக்கு. பென்சிலைத் தொட்டீங்க, கல்யாணம் கிடையாது."

அவசரத்தில் முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவதில் தழும்பு ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது. அதைத்தான் அனுப்பினான்.

அடுத்த வாரம் அவன் அம்மா படத்தோடு பஸ்ஸில் வந்து கடை வாசலில் இறங்கினார். படத்தைப் பார்த்தார், கமலவேணியின் முகத்தைப் பார்த்தார். நல்லையா என் தோளை நசுக்கிவிட்டான்.

"இந்தப் பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு ஆப்பம் கேட்டார்.