வைக்கோல் கன்று

ஞாயிற்றுக்கிழமையிலை சனம் பிள்ளைகுட்டியளோடை வேலிக்கரைக்கு வந்து ஒரே கேள்வியளைத்தான் கேக்குங்கள். பைசன் முட்டுமோ? ஓம், முட்டும். ஓடித் தப்பலாமோ? ஏலாது. பால் கறக்கலாமோ? கறந்து பாத்திட்டு எனக்கும் சொல்லுங்கோ. கடைசியிலை ஆராவது கேப்பினம், தீன் போடுற உங்களை அதுகளுக்குத் தெரியுமோ எண்டு. முந்தி நான், "என்னை எங்கை தெரியும், என்ரை ட்ராக்டரைத்தான் தெரியும்" எண்டு சிரிப்பன்.

டோர்ட்மண்டிலையிருந்து கொஞ்சம் தள்ளி, காட்டோரத்திலை, பைசன் எண்ட காட்டெருமையளை வளக்கிற பண்ணை. முதலாளி ஒரு ஜெர்மன் மனுசி. வேலைக்குச் சேர்ந்த அண்டே சொல்லிப்போட்டா: "இதை மாடெண்டு நினைச்சு உள்ளை நடந்து போகாதை. வால் நிமிர்ந்தால் உன்ரை கதை முடிஞ்சுது." எங்கடை ஆக்களுக்கு உது மண்டையிலை ஏறுமோ? மாட்டைத் தொட்டுக் கண்ணிலை ஒத்திற சனமல்லோ நாங்கள்.

போன இலையுதிர்காலம், பிந்திப் பிறந்த கன்றொண்டு செத்துப்போச்சு. காலமை நான் போகேக்கை நல்ல பனிப்புகார். முழு மந்தையும் அந்தக் கன்றைச் சுத்தி நிண்டது. ஒண்டிலையும் சத்தமில்லை, மூச்சு மட்டும் வெள்ளையாய்ப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ட்ராக்டரை விட்டு இறங்க மனம் வரேல்லை.

மத்தியானம் மற்றதுகள் கலைஞ்ச பிறகு உடலை எடுத்துக் கொட்டிலிலை போட்டம். தாய் மட்டும் அந்த வெறும் புல்லைப் பாத்துக்கொண்டே நிண்டுது. தீனுமில்லை, தண்ணியுமில்லை. ரெண்டு நாளிலையே வயிறு உள்ளை ஒட்டிப்போச்சு. "திங்கட்கிழமையும் தின்னாட்டில் சுடத்தான் வேணும், வதைக்கேலாது" எண்டா முதலாளி.

ஊரிலை கன்று செத்தால் தோலை உரிச்சு, வைக்கோல் அடைச்சு, தாய்க்கு முன்னாலை வைப்பினம். தாய் அதை நக்கி ஆறும், பாலும் சுரக்கும். முதலாளிக்கு விளங்கப்படுத்தினன். என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டு, செய்து பார் எண்டா. செத்த மிருகம் ஏத்திற வண்டி வரமுதல் நானே உரிச்சு, உப்புப் போட்டு, வைக்கோலைத் திணிச்சு, சாக்கு ஊசியாலை தைச்சன்.

போனிலை படத்தைப் பாத்திட்டு என்ரை மனுசி முகத்தைத் திருப்பினா. "கண்ணில்லாமல் நிக்குது. ஈரக்குலை நடுங்குது. ஏனப்பா பெத்ததைப் போய் ஏமாத்திறியள்?"

"உயிர் தப்பட்டும்" எண்டன்.

ட்ராக்டரிலை கொண்டுபோய்த் தாய்க்கு முன்னாலை இறக்கினன். வந்து மணந்து பாத்துது. தலை, வயிறு, பிறகு தையல். தையலிலை கனநேரம் மூக்கை வைச்சுக்கொண்டு நிண்டுது. நக்கேல்லை. பைசனுக்குக் கண் மட்டுமட்டு, மூக்குத்தான் பொல்லாதது. மெல்லத் தலையைத் தூக்கி நான் இருந்த பக்கம் காத்தை இழுத்துது. அப்பிடியே திரும்பிப் போய்த் தின்னத் தொடங்கிச்சுது. ட்ராக்டருக்குள்ளை இருந்து அழுதுபோட்டன்.

அண்டையிலையிருந்து நான் எங்கை நடந்தாலும் அது வேலிக்கு மற்றப் பக்கத்தாலை வரும். புகாருக்குள்ளை கறுப்பாய் ஒண்டு. நான் நிண்டால் நிக்கும். தொண்டைக்குள்ளை மெல்ல உறுமும். கன்றைக் கூப்பிடுற உறுமல் அது. முதுகு கூசும், எண்டாலும் உள்ளுக்கை ஒரு பெருமை. பிள்ளையின்ரை மணத்தை என்னிலை கண்டிட்டுதாக்கும் எண்டு நினைச்சன். "உங்கடை சின்னவீடு சுகமோ?" எண்டு வீட்டிலை என்ரை மனுசி பகிடி பண்ணுவா. குளிர்காலம் முழுக்க நான் அதோடை கதைச்சன். வாணை, தின்னணை எண்டு.

இந்தக் கோடையிலை அது திரும்பக் கன்று போட்டுது. சிவப்பாய், துள்ளிக்கொண்டு திரியிற வடிவான கன்று. எனக்கெண்டால் பேரப்பிள்ளை கிடைச்ச மாதிரிப் புளுகம், சந்தோசம். வேலிக்கரைக்கு ஓடினன்.

மற்றத் தாய்மார் என்னைத் திரும்பியும் பாக்கேல்லை. இது மட்டும் என்ரை மணம் பட்டவுடனை கன்றைத் தனக்குப் பின்னாலை தள்ளிச்சுது. உறுமேல்லை. வாலை நிமித்திக்கொண்டு, நான் போகுமட்டும் அசையாமல் நிண்டுது. இண்டைக்கும் அப்பிடித்தான் நிக்குது. முதலாளி போனால் அப்பிடி நிக்காது, வேறை ஆர் போனாலும் நிக்காது.

போன ஞாயிறும் ஒரு சின்னப் பெட்டை கேட்டாள், உங்களை அதுகளுக்குத் தெரியுமோ எண்டு.

ஓம் பிள்ளை, ஒண்டுக்குத் தெரியும் எண்டன்.