என் ரத்தத்தை யாரும் கேட்கவில்லை

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஏப்ரல் மாதம். மரக்காணத்து உப்பளங்கள் கண்ணைக் கூசவைக்கும் வெயிலில் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அங்கே நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கோ நிஜமாகவே குளிரெடுத்தது. குரல் கட்டிப்போயிருந்தது, முகம் உப்பியிருந்தது, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பிறகு, ஆளில்லாத வராந்தாவில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்கத் தொடங்கியது. ஒரு நாள், காபியில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று கத்தி, டம்ளரைத் தூக்கி எறிந்தேன்.

தலைமையாசிரியை என் கணவரை வரவழைத்தார். "சார், இவங்களுக்கு மூளை கலங்கிடுச்சு. வீட்லயே வச்சிக்குங்க." பக்கத்திலேயே நின்றிருந்த என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

திண்டிவனத்து டாக்டரும் அப்படித்தான். "எப்பலேர்ந்து இப்படி?" என்று கணவரைக் கேட்டார்.

"டாக்டர், எனக்குக் குளுருதுங்க," என்றேன்.

"இப்படித்தான் எதுனா சொல்வாங்க," என்று அதையும் கணவரிடமே சொன்னார். என் கையைக்கூடத் தொடாமல் மாத்திரை எழுதினார். பத்து மாதம் அதே சீட்டு. கை நடுங்கியது, எச்சில் வழிந்தது, குரல்கள் மட்டும் போகவில்லை.

கால் வீங்கி நடக்க முடியாமல் போனபோது, கணவர் பயந்துபோய்ப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே மனநலப் பிரிவில் இருந்த டாக்டரம்மா என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் எழும்பி, மெதுவாக இறங்கியது.

"யாராச்சும் ரத்தம் எடுத்துப் பாத்தாங்களாம்மா?"

"இல்லைங்க."

"பத்து மாசமா?" பழைய சீட்டை மேசைமேல் போட்டார்.

ரிசல்ட் வந்தது. தைராய்டு சுரப்பு ஏறக்குறைய நின்றேபோயிருந்தது. மனம் கலங்கியதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கு மாத்திரை கொடுத்தார். சில மாதங்களில் குளிர் விட்டது. கூப்பிடும் குரல்களும் ஓய்ந்தன.

அந்த ரிப்போர்ட்டோடு தனியாகப் பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "இந்த டெஸ்ட்டெல்லாம் இங்க ஏதும்மா?" என்றார்.

"டெஸ்ட் வேணாம் சார். கழுத்தைத் தொட்டுப் பாத்திருக்கலாம்ல?"

அடுத்தவரைக் கூப்பிட மணியடித்தார்.

தலைமையாசிரியை ரிப்போர்ட்டைப் படித்து முகம் மலர்ந்தார். "அப்போ இது பைத்தியம் இல்ல, வெறும் தைராய்டு! முன்னாடியே தெரிஞ்சிருந்தா உங்கள அனுப்பியிருக்கவே மாட்டோம்."

அப்போதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. பாண்டிச்சேரியில் என் பக்கத்து பெஞ்சில் எக்கியார்குப்பத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் குரல்கள் கேட்டன. அன்றே அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. அதனால் அவளை விரட்டலாமா?

"ரத்தத்துல ஒண்ணும் தெரியலைன்னா என்னை வீட்லயே பூட்டி வச்சிருக்கலாமா மேடம்?" என்று கேட்டேன்.

அவர் ரிப்போர்ட்டை மடித்து என்னிடமே நீட்டினார்.

ஜூனில் வேலை திரும்பக் கிடைத்தது. இன்னொரு வகுப்பைக் கொடுத்தார்கள். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. தலைமையாசிரியை ஓய்வு பெறும்வரை அந்த அம்மாளுக்கு நான் வணக்கம் வைக்கவில்லை.